மைக்ரோகண்ட்ரோலரில் மாறியைக் குறிப்பிட்ட நினைவகப் பகுதியில் அமர்த்துவது எப்படி?

கேள்வியின் சாரம் இது. எஸ்டிஎம்32எஃப்407 சிப்பில் சாதாரண ரேம் நிரம்பிவிட்டதால், அனலாக் சிக்னலை எண்ணாக்கும் ஏடிசியின் தரவு வந்து சேரும் 32 கிலோபைட் பஃபர் ஒன்றையும், தொடக்க மதிப்புகளுடன் கூடிய ஃபில்டர் கெழு அட்டவணை ஒன்றையும், ஜிசிசி கம்பைலரின் செக்‌ஷன் ஆட்ரிபியூட் மூலம் சிசிஎம் எனப்படும் தனி ரேமுக்கு நகர்த்தியிருக்கிறீர்கள். கம்பைல் ஆகிறது, லிங்க் ஆகிறது, எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. ஆனால் அட்டவணையில் நீங்கள் எழுதிய எண்கள் இல்லை. ஏடிசி பஃபரில் ஒரு பைட்டும் மாறுவதில்லை. ஃபிளாஷில் ஏற்றும் பைனரி ஃபைலோ 32 கிலோபைட்டுக்குச் சற்று மேல் பெருத்திருக்கிறது. அடுத்த போர்டில் எஸ்டிஎம்32எச்743க்கு மாறப்போவதால், இதே வழி அங்கும் செல்லுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று கோளாறுகளுக்கும் வேர் ஒன்றுதான். ஆட்ரிபியூட் எழுதியவுடன் மாறி இடம்பெயர்ந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அந்த ஒரு வரி, ஆப்ஜெக்ட் ஃபைலில் அந்த மாறி எந்தப் பெயருள்ள செக்‌ஷனில் சேர வேண்டும் என்பதை மட்டுமே கம்பைலருக்குச் சொல்கிறது. அந்தச் செக்‌ஷன் எந்த முகவரியில் உட்கார வேண்டும் என்பதை, ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒரே நிரலாக இணைக்கும் லிங்க்கர் முடிவு செய்கிறது. நிரல் தொடங்கும்போது அந்த முகவரியில் என்ன மதிப்பு இருக்க வேண்டும் என்பதை, மெயின் ஃபங்‌ஷனுக்கு முன்னால் ஓடும் ஸ்டார்ட்அப் கோடு பார்த்துக்கொள்கிறது. சிபியுவைத் தவிர வேறு யார் அந்த முகவரியை எட்ட முடியும் என்பதோ சிப்பின் உள்ளே ஓடும் பஸ் இணைப்புகளைப் பொறுத்தது. அதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. நீங்கள் முதலாவதில் மட்டும் கைவைத்திருக்கிறீர்கள். மற்ற மூன்றும் பழையபடியே கிடக்கின்றன.

எஃப்407இன் நினைவக வரைபடத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஃபிளாஷ் 08000000இல் தொடங்குகிறது. இங்கே நான் தரும் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ் எண்கள். முதன்மை ரேம் 20000000இல் தொடங்குகிறது. 112 கிலோபைட், 16 கிலோபைட் என்ற இரு துண்டுகள் அடுத்தடுத்து இருப்பதால் நிரலுக்கு அது 128 கிலோபைட் கொண்ட ஒரே தொடராகத் தெரியும். சிசிஎம் 64 கிலோபைட், அதன் தொடக்கம் 10000000. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் காணும் 192 கிலோபைட் என்ற கணக்கு இந்த இரண்டையும் சேர்த்துத்தான். கூட்டிப் போட்டிருந்தாலும் இரண்டும் ஒரே வகை ரேம் அல்ல என்பதில்தான் உங்கள் இரண்டாவது கோளாறு ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அட்டவணையிலிருந்து தொடங்குவோம். தொடக்க மதிப்புள்ள எந்த மாறிக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. நிரல் ஓடும்போது மாறி வசிக்கும் ரேம் முகவரி ஒன்று. அதை விஎம்ஏ என்பார்கள். மின்சாரம் போனாலும் அழியாதபடி தொடக்க மதிப்பின் நகல் காத்திருக்கும் ஃபிளாஷ் முகவரி இன்னொன்று, அது எல்எம்ஏ. சாதாரண மாறிகள் சேரும் டாட் டேட்டா செக்‌ஷனுக்கு, ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுக்கும் சிறு வளையம் ஒன்று ஸ்டார்ட்அப் கோடில் எப்போதும் இருக்கிறது. தொடக்க மதிப்பில்லாத மாறிகள் சேரும் டாட் பிஎஸ்எஸ் செக்‌ஷனைப் பூச்சியத்தால் நிரப்பும் இன்னொரு வளையமும் அங்கேயே இருக்கிறது. ஜிசிசி சார்ந்த வழக்கமான ஸ்டார்ட்அப் கோடுக்குத் தெரிந்தவை இந்த இரண்டு மட்டுமே. நீங்கள் புதிதாகப் பெயரிட்ட செக்‌ஷன் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

எஃப்407க்கு எஸ்டி நிறுவனத்தின் கருவி உருவாக்கித் தரும் லிங்க்கர் ஸ்கிரிப்ட்டில், அதாவது எதை எங்கே வைப்பது என்று லிங்க்கருக்குச் சொல்லும் ஃபைலில், டாட் சிசிஎம்ரேம் என்ற செக்‌ஷன் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஓடும் இடம் சிசிஎம், நகல் இருக்கும் இடம் ஃபிளாஷ் என்பதுவரை அதில் சரியாகவே இருக்கும். இங்கே தொடக்க மதிப்புள்ள மாறிகளை வைத்தால் ஸ்டார்ட்அப் கோடை மாற்ற வேண்டும் என்ற குறிப்பும் அதன் மேலேயே இருக்கும். லிங்க்கர் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்ப்பவர்களே குறைவு என்பதால் அந்தக் குறிப்பு பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே உங்கள் கெழுக்கள் ஃபிளாஷில் பத்திரமாக இருக்கின்றன; அவற்றைச் சிசிஎம்முக்கு எடுத்துச் செல்ல ஆள் இல்லை, அவ்வளவே.

தீர்வு நாலைந்து வரிதான். ஃபிளாஷில் நகல் தொடங்கும் இடம், சிசிஎம்மில் செக்‌ஷன் தொடங்கும் இடம், அது முடியும் இடம் என்று மூன்று குறியீடுகளை ஸ்கிரிப்ட் தருகிறது. டாட் டேட்டாவை நகலெடுக்கும் வளையத்துக்கு அடுத்தபடியாக, இந்த மூன்றையும் வைத்து இன்னொரு நகல் வளையத்தைச் சேர்த்தால் போதும். அதை மெயினின் முதல் வரியில் செய்யலாமே என்று தோன்றும். சி மொழியில் அது பெரும்பாலும் செல்லும், ஆனால் சி பிளஸ் பிளஸில் குளோபல் ஆப்ஜெக்ட்களின் கன்ஸ்ட்ரக்டர்கள் மெயினுக்கு முன்பே ஓடிவிடுவதால், அவற்றில் ஏதாவது ஒன்று அந்த அட்டவணையைத் தொட்டால் குப்பையைத்தான் படிக்கும். ரீசெட் ஆனதும் முதலில் ஓடும் ரீசெட் ஹேண்ட்லருக்குள் வைப்பதே முறை.

இந்த இடத்தில் பலர் சறுக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. லிங்க்கர் ஸ்கிரிப்ட்டில் பிறக்கும் குறியீட்டுக்கு முகவரி மட்டுமே உண்டு, அதற்கென்று சேமிக்கப்பட்ட மதிப்பு எதுவும் கிடையாது. சி கோடில் அதை எக்ஸ்டர்ன் என்று அறிவித்து, ஒரு முழு எண் மாறியைப் போல நேரடியாக வாசித்தால், அந்த முகவரியில் அப்போது கிடக்கும் நான்கு பைட்டுகள் வரும். நாம் தேடுகிற முகவரி வராது. பெயருக்கு முன்னால் ஆம்பர்சண்ட் இட வேண்டும், அல்லது அளவு குறிப்பிடாத அணியாக அதை அறிவித்துவிட வேண்டும். நான் இரண்டாவதையே விரும்புவேன், ஏனெனில் அதில் ஆம்பர்சண்ட் மறந்துபோக வாய்ப்பே இல்லை.

இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் இந்த வளையம் இல்லாமலே எல்லாம் ஓடுகிறதே என்று நீங்கள் கேட்கக்கூடும். அவை கெய்ல் அல்லது ஐஏஆர் கருவிகளுக்காக எழுதப்பட்டவையாக இருக்கலாம். கெய்லில் லிங்க்கர் ஸ்கிரிப்ட்டின் வேலையைச் செய்யும் ஸ்கேட்டர் ஃபைலில் குறித்த ஒவ்வொரு பகுதிக்கும் லிங்க்கரே ஓர் அட்டவணை தயாரித்து, மெயினுக்கு முன்பே அதன் லைப்ரரி எல்லாப் பகுதிகளையும் நகலெடுத்துவிடுகிறது. ஐஏஆரிலும் உள்ளமைவு ஃபைலில் நகலெடுத்துத் தொடங்குக என்று ஒரு கட்டளை உண்டு; மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஜிசிசி உலகில் அந்தப் பொறுப்பு நம் கையில் விடப்பட்டிருக்கிறது. அதே ஆட்ரிபியூட் வரி ஒரு கருவியில் சரியாக ஓடி இன்னொன்றில் ஓசையில்லாமல் உடைவதன் காரணம் இதுதான்.

அந்த அட்டவணை உண்மையில் மாறாத எண்களாக இருந்தால், அதை ரேமுக்கு ஏன் கொண்டுவர வேண்டும் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். கான்ஸ்ட் என்று அறிவித்தால் அது ஃபிளாஷிலேயே தங்கிவிடும், ஒரு பைட் ரேமும் செலவாகாது. எஃப்407 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது ஃபிளாஷுக்கு 5 காத்திருப்புச் சுழற்சிகள் தேவைப்படுவது உண்மைதான். ஆனால் அண்மையில் படித்தவற்றின் நகலை வைத்திருக்கும் சிறு ஃபிளாஷ் கேஷ் அதில் பெரும்பகுதியை மறைத்துவிடும். இரண்டு வகையிலும் ஓடவிட்டு, சுழற்சிகளை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே செக்‌ஷன் பெயரின் கீழ், ஒரே ஃபைலில், கான்ஸ்ட் உள்ள மாறியையும் இல்லாத மாறியையும் கலந்தால் செக்‌ஷன் வகை முரண்படுகிறது என்று ஜிசிசி மறுத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

பைனரி ஃபைல் பெருத்ததும் இதே குடும்பத்துப் பிரச்சினை. வழக்கமான பூச்சிய மாறிகள் சேரும் டாட் பிஎஸ்எஸ், ஃபைலில் இடம் எடுத்துக்கொள்வதில்லை. அதன் அளவு மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். நீங்களே ஒரு பெயர் வைத்துவிட்டால், மாறிக்குத் தொடக்க மதிப்பு இல்லையென்றாலும், உள்ளடக்கம் உள்ள செக்‌ஷனாகவே ஜிசிசி அதைக் கருதுகிறது. எனவே 32 கிலோபைட் பூச்சியங்கள் அப்படியே எழுதப்பட்டு ஃபிளாஷுக்குப் போகின்றன. உங்கள் ஸ்கிரிப்ட்டில் ஃபிளாஷில் நகல் வைக்கும் பகுதி எழுதப்பட்டிருந்ததால் இழப்பு 32 கிலோபைட்டோடு நின்றது. அது இல்லாமல் போயிருந்தால், பைனரி ஃபைல் 08000000 தொடங்கி 10000000 வரையுள்ள இடைவெளி முழுவதையும் நிரப்பிக்கொண்டு 128 மெகாபைட்டைத் தாண்டியிருக்கும். இப்படி ஒரு ஃபைலைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர்.

சரியான ஏற்பாடு, சிசிஎம்முக்கு இரண்டு செக்‌ஷன்கள் வைத்துக்கொள்வது: தொடக்க மதிப்புள்ளவற்றுக்கு ஒன்று, ஃபிளாஷ் நகலுடன், மதிப்பில்லாதவற்றுக்கு இன்னொன்று, ஃபைலில் எழுதி ஏற்ற வேண்டாம் எனச் சொல்லும் நோலோட் என்ற குறிப்புடன். இரண்டாவதைப் பூச்சியமாக்கும் வளையத்தையும் ஸ்டார்ட்அப்பில் சேர்க்க வேண்டும், ஏனெனில் தொடக்க மதிப்பு தராத ஸ்டேட்டிக் மாறி பூச்சியமாக இருக்கும் என்று சி மொழி தரும் வாக்கை நம்பியே எல்லா லைப்ரரிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. மாற்று வழியாக, செக்‌ஷன் பெயரையே டாட் பிஎஸ்எஸ் டாட் சிசிஎம் என்று தொடங்கினால், பெயரைப் பார்த்தே ஜிசிசி அதை உள்ளடக்கமற்ற செக்‌ஷனாக்கிவிடும். ஆனால் அப்போது ஸ்கிரிப்ட்டில் உங்கள் சிசிஎம் பகுதி, பொதுவான டாட் பிஎஸ்எஸ் பகுதிக்கு மேலே வர வேண்டும். ஒரு செக்‌ஷன் இரண்டு விதிகளுக்குப் பொருந்தினால் முதலில் எழுதப்பட்ட விதியே வெல்லும். கீழே எழுதினால் உங்கள் பஃபரைப் பொதுவான பகுதி முதலிலேயே விழுங்கிவிடும்.

பெயரில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்ட்டில் இல்லாத பெயரைக் கண்டால் லிங்க்கர் பிழை காட்டி நிற்பதில்லை. அதை உரிமையாளர் இல்லாத செக்‌ஷனாகக் கருதி, அதே பண்புகள் கொண்ட வேறொரு செக்‌ஷனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. மாறி முதன்மை ரேமிலேயே இருக்கும், ஆனால் டாட் டேட்டாவின் எல்லைக் குறியீட்டுக்கு வெளியே விழுவதால் தொடக்க மதிப்பும் வராது. ஆர்ஃபன் ஹேண்ட்லிங் என்ற லிங்க்கர் தேர்வை எரர் என்று வைத்துவிட்டால் இந்த மௌனம் கலையும். முதல் முறை வைக்கும்போது டீபக் தகவல் செக்‌ஷன்கள் போன்ற சிலவற்றுக்காகக் கூச்சல் போடும். அவற்றை ஸ்கிரிப்ட்டில் சேர்த்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

இனி ஏடிசி பஃபர். இதற்கு ஸ்கிரிப்ட்டிலோ ஸ்டார்ட்அப்பிலோ மருந்து கிடையாது. இந்தப் பஃபரை நிரப்புவது, சிபியுவின் கை படாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ என்ற கட்டுப்படுத்தி. எஃப்407இல் சிசிஎம் சிபியுவின் டேட்டா பஸ்ஸோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது. மற்ற எல்லாரும் சந்திக்கும் பஸ் மேட்ரிக்ஸில் அதற்கு வாசல் இல்லை. ஆகவே டிஎம்ஏ, ஈத்தர்நெட், யுஎஸ்பி ஹைஸ்பீட் என்று எந்தக் கட்டுப்படுத்தியாலும் அதை எட்ட முடியாது. டிஎம்ஏ முயன்று, பரிமாற்றப் பிழைக் கொடியை எழுப்பிவிட்டு நின்றுவிடும். அந்தக் கொடியைப் பார்க்கும் கோடு இல்லாதவரை, பஃபர் மாறாமலே இருப்பதுதான் வெளியே தெரியும் ஒரே அறிகுறி. எனவே ஏடிசி பஃபரை முதன்மை ரேமுக்குத் திருப்புங்கள். அதற்கான இடத்தை, சிபியு மட்டுமே தொடும் பொருட்களைச் சிசிஎம்முக்கு அனுப்பி உண்டாக்குங்கள். எஃப்எஃப்டி இடைநிலை அணிகள், ஃபில்டர் நிலைகள், ஆர்டிஓஎஸ் கட்டுப்பாட்டு அமைப்புகள் போன்றவை அதற்கு ஏற்றவை. இந்தக் குடும்பத்தில் கட்டளைகளைச் சிசிஎம்மிலிருந்து ஓடவிடவும் முடியாது. எஃப்303இல் அதே பெயருள்ள ரேமில் கோடு ஓடும் என்பதால், ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றில் முயலாதீர்கள்.

ஸ்டாக்கைச் சிசிஎம்முக்கு நகர்த்துவது பலரும் பரிந்துரைக்கும் உத்தி. நல்ல உத்திதான், ஆனால் அதன் பின்விளைவை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஸ்டாக் சிசிஎம்மில் இருந்தால், ஒவ்வொரு ஃபங்‌ஷனின் லோக்கல் அணியும் சிசிஎம்மில் இருக்கிறது. எஸ்பிஐ வழியாக நான்கு பைட் அனுப்ப யாரோ ஒருவர் லோக்கல் அணி ஒன்றை அமைத்து டிஎம்ஏவிடம் கொடுத்தால், அதுவரை நன்றாக ஓடிய டிரைவர் அன்றைக்கு ஊமையாகும். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் ஹீப்பைச் சிசிஎம்மில் வைத்தாலும் இதே கதை, ஏனெனில் டாஸ்க் ஸ்டாக்குகள் அதிலிருந்துதான் வெட்டித் தரப்படுகின்றன. வேகத்துக்காக என்று இதைச் செய்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எஃப்407இன் முதன்மை ரேமும் காத்திருப்பு இல்லாமல்தான் பதில் தருகிறது. டிஎம்ஏ அதே ரேமில் கடுமையாக வேலை செய்யும்போது சிபியு முட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம் என்பதே சிசிஎம்மின் உண்மையான ஆதாயம். டிஎம்ஏ ஓய்ந்திருக்கும் நிரலில் வித்தியாசம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எச்743க்கு வருவோம். வழி அதேதான்; ஆனால் அங்கே ரேம் ஆறேழு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனை உண்டு. 20000000இல் 128 கிலோபைட் டிடிசிஎம். சிபியுவுக்கு மிக அருகில் இருப்பது, கேஷ் தேவைப்படாதது. 24000000இல் 512 கிலோபைட் ஏஎக்ஸ்ஐ ரேம். 30000000இல் தொடங்கி 128, 128, 32 கிலோபைட்டாக மூன்று ரேம்கள். 38000000இல் 64 கிலோபைட் எஸ்ரேம்4. இதில் டிஎம்ஏ1, டிஎம்ஏ2 இரண்டாலும் டிடிசிஎம்மை எட்ட முடியாது. எம்டிஎம்ஏ என்ற வேறொரு டிஎம்ஏவால் மட்டும் முடியும். பிடிஎம்ஏ என்ற இன்னொரு டிஎம்ஏ கையாளும் எஸ்பிஐ6, ஐ2சி4 போன்றவற்றின் பஃபர்கள் எஸ்ரேம்4 இருக்கும் பகுதியை விட்டு நகரவே கூடாது. எஃப்4இல் எழுதிய கோடை அப்படியே கொண்டுபோய், எல்லா மாறிகளும் 20000000இல் விழும்படி லிங்க் செய்தால், டிஎம்ஏ சார்ந்த ஒவ்வொரு டிரைவரும் ஒரே நாளில் நின்றுபோகும். அங்கே 20000000 என்பது டிடிசிஎம் என்பதை மறந்ததன் விலை அது.

30000000இல் இருக்கும் மூன்று ரேம்களுக்கும் ரீசெட்டுக்குப் பின் கிளாக் அணைந்திருக்கும். அங்கே தொடக்க மதிப்புள்ள செக்‌ஷன் வைத்தால், நகல் வளையம் ஓடுவதற்கு முன்பே அந்தக் கிளாக்குகளை இயக்கியிருக்க வேண்டும். மெயினில் எழுதிய கிளாக் உள்ளமைவு இதற்குக் காலம் கடந்தது. சிஸ்டம் இனிட் ஃபங்‌ஷனில் இயக்கி, உங்கள் ஸ்டார்ட்அப் கோடு அதை நகல் வளையத்துக்கு முன்னால்தான் அழைக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் டேட்டா கேஷ். டிஎம்ஏ ரேமில் புதிய தரவை எழுதிவிடும். சிபியுவோ தன் கேஷில் உள்ள பழைய நகலைப் படித்துக்கொண்டிருக்கும். அனுப்புவதற்கு முன் கேஷைக் கிளீன் செய்ய வேண்டும், அதாவது அதில் உள்ள மாற்றங்களை ரேமுக்கு எழுதிவிட வேண்டும். பெறுவதாயின், டிஎம்ஏவைத் தொடங்குவதற்கு முன்பும், தரவு வந்து முடிந்த பின்பும் அந்த முகவரிகளை இன்வேலிடேட் செய்ய வேண்டும், அதாவது கேஷில் உள்ள அவற்றின் நகலைத் தூக்கியெறிய வேண்டும். இதில் மாறியின் இடம் எப்படி நுழைகிறது என்றால், கேஷ் தனித்தனி பைட்டுகளாகக் கையாளப்படுவதில்லை, 32 பைட் வரிகளாகக் கையாளப்படுகிறது. 32இன் மடங்கான முகவரியில் தொடங்கும் 100 பைட் பஃபர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூன்று முழு வரிகளையும் நான்காவது வரியில் 4 பைட்டுகளையும் பிடிக்கும். மீதி 28 பைட்டுகளில் லிங்க்கர் வேறு மாறிகளை அமர்த்தும். சிபியு அவற்றில் ஒன்றை மாற்றி, அந்த மாற்றம் இன்னும் ரேமுக்குப் போகாமல் கேஷிலேயே இருக்கும் தருணத்தில் பஃபரை இன்வேலிடேட் செய்தால், அந்த மாற்றம் சுவடில்லாமல் அழிந்துபோகும். பஃபருக்குத் தொடர்பே இல்லாத ஒரு கவுண்டர் எப்போதாவது பின்னோக்கிப் போவதைப் பார்த்து, இன்டரப்ட் பிழை என்று வாரக்கணக்கில் தேடுவார்கள். ஆகவே டிஎம்ஏ பஃபர்களுக்கு 32 பைட் அலைன்மென்ட்டும், 32இன் மடங்கான அளவும் இரண்டுமே வேண்டும். அந்த 100 பைட் பஃபரை 128 ஆக்குங்கள்.

என் விருப்பம் வேறு வழி: டிஎம்ஏ பஃபர்களையும் ஈத்தர்நெட் டிஸ்கிரிப்டர்களையும் ஒரே செக்‌ஷனில் திரட்டி, 30040000இல் உள்ள 32 கிலோபைட் ரேமில் வைத்து, அந்தப் பகுதி முழுவதையும், நினைவகப் பகுதிகளுக்கு விதி வைக்கும் எம்பியு மூலம் கேஷ் இல்லாததாக அறிவித்துவிடுவது. இந்தச் சிப்பின் எம்பியுவில் பகுதியின் அளவு இரண்டின் அடுக்காகவும், தொடக்க முகவரி அந்த அளவின் மடங்காகவும் இருக்க வேண்டும். இந்த ரேம் இரண்டுக்கும் இயல்பாகவே பொருந்துகிறது. சற்று வேகம் குறையும். ஆனால் புதிதாகச் சேரும் ஒவ்வொரு டிரைவரிலும் கேஷ் பராமரிப்பை யாராவது மறந்துவிடுவார்களோ என்ற கவலை போய்விடும்.

குறிப்பிட்ட முகவரியிலேயே மாறி இருந்தாக வேண்டிய தேவை, முதலில் ஓடி முதன்மை நிரலைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரும், அந்த நிரலான அப்ளிகேஷனும் பேசிக்கொள்ளும்போது எழும். எண்ணைப் பாயின்ட்டராக மாற்றி எழுதும் வழியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பெரிஃபெரல் ரெஜிஸ்டர்களுக்கு அதுவே சரி. ரேமுக்கு அது ஆபத்து, ஏனெனில் அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது என்பது லிங்க்கருக்குத் தெரியாது, அதே இடத்தில் வேறொரு மாறியை அது தாராளமாக அமர்த்தும். 128 கிலோபைட் ரேமின் கடைசி 1 கிலோபைட்டை ஸ்கிரிப்ட்டின் மெமரி என்ற பகுதியில் தனிப்பெயரோடு பிரித்து, ரேமின் நீளத்தை 127 ஆக்கி, அந்தத் தனிப்பகுதியில் நோலோட் செக்‌ஷன் ஒன்றை வையுங்கள். இரண்டு நிரல்களின் ஸ்கிரிப்ட்டிலும் இந்தப் பிரிவினை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஸ்கிரிப்ட்களில் ஸ்டாக்கின் உச்சி 20020000 என்று நேரடி எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ரேமின் நீளத்தை மட்டும் குறைத்துவிட்டு அதை மறந்தால், ஸ்டாக் நீங்கள் ஒதுக்கிய இடத்தின் மேலேயே தொடங்கும்.

அந்தப் பகுதியை ஸ்டார்ட்அப் கோடு தொடாததால், மின்சாரம் போகாத ரீசெட்டில் மதிப்புகள் பிழைத்திருக்கும். புதிதாக மின்சாரம் வரும்போது குப்பை இருக்கும். இரண்டையும் பிரித்தறிய முன்கூட்டியே தீர்மானித்த ஒரு மேஜிக் எண்ணும், சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் போதும். எச்7இன் ரேமில் பிழை கண்டு திருத்தும் ஈசிசி இருப்பதால் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: மின்சாரம் வந்தபின் ஒருமுறையும் எழுதாத இடத்தைப் படித்தால் ஈசிசி பிழை எழலாம். ரீசெட் காரணத்தைக் காட்டும் கொடிகளை முதலில் பாருங்கள்; புது மின்சாரம் என்றால் பகுதி முழுவதையும் எழுதிவிட்டுப் பிறகு படியுங்கள்.

ஃபிளாஷில் நிலையான முகவரியில் பதிப்பு எண், கேலிப்ரேஷன் மதிப்பு போன்றவற்றை வைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத செக்‌ஷன்களை நீக்கும் தேர்வு இயக்கத்தில் இருந்தால், ஸ்கிரிப்ட்டில் கீப் என்ற சொல் இல்லாத பதிப்புத் தகவல் லிங்க் செய்யும்போதே மறைந்துவிடும். கேலிப்ரேஷன் மதிப்பைத் தொழிற்சாலையில் பிறகு மாற்றி எழுதுவதானால், வெறும் கான்ஸ்ட் போதாது. கம்பைலர் நீங்கள் கோடில் எழுதிய எண்ணையே கட்டளைகளுக்குள் பதித்துவிட்டு நினைவகத்தைப் படிக்காமலே போகலாம். கான்ஸ்ட்டோடு வாலட்டைலும் சேருங்கள். வாலட்டைல் மாறியின் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. படிப்பதைக் கட்டாயமாக்குகிறது, அவ்வளவுதான்.

மற்ற சிப்களைப் பற்றிச் சுருக்கமாக. ஏவிஆரில் கோடுக்கும் டேட்டாவுக்கும் முகவரி வெளிகளே வேறு வேறு. 2 கிலோபைட் ரேம் உள்ள ஏடிமெகா328பியில் கான்ஸ்ட் என்று எழுதிய அட்டவணையும் ரேமைத்தான் தின்னும். புரோக்மெம் என்று குறித்து, அதற்கென உள்ள வாசிப்பு ஃபங்‌ஷன்கள் வழியே படிக்க வேண்டும். ஈஎஸ்பி32இல் ஃபிளாஷில் எழுதும் வேளையில் ஃபிளாஷ் கேஷ் அணைக்கப்படுவதால், அப்போதும் ஓட வேண்டிய இன்டரப்ட்டின் கோடு கட்டளைகளுக்கான ஐரேமிலும், அது படிக்கும் கான்ஸ்ட் அட்டவணைகள் டேட்டாவுக்கான டிரேமிலும் இருக்க வேண்டும். கோடை மட்டும் நகர்த்திவிட்டு அட்டவணையை விட்டுவிடுவதே அங்கே அடிக்கடி நிகழும் தவறு.

மாற்றங்களைச் செய்தபின் சரிபார்க்க, லிங்க்கர் எழுதித் தரும் மேப் ஃபைலைத் திறங்கள். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் முகவரி, அளவு, எந்த ஆப்ஜெக்ட் ஃபைலிலிருந்து வந்தது என்ற மூன்றும் ஒரே வரியில் இருக்கும். உங்கள் ஏடிசி பஃபரின் வரியில் முகவரி 20 என்று தொடங்க வேண்டும், அளவு ஹெக்ஸில் 8000 என்று இருக்க வேண்டும். அதே வரியில் 10 என்று தொடங்கினால் அது இன்னும் சிசிஎம்மில்தான் இருக்கிறது. பிரிண்ட் மெமரி யூசேஜ் என்ற லிங்க்கர் தேர்வு, ஒவ்வொரு பகுதியும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை ஒவ்வொரு பில்டிலும் காட்டும். கண் தவறும் என்பதால் லிங்க்கர் ஸ்கிரிப்ட்டிலேயே அசர்ட் வரிகளையும் சேர்க்கலாம். டிஎம்ஏ செக்‌ஷனின் முடிவு அதற்குரிய ரேமின் எல்லையைத் தாண்டினால் லிங்க் நின்றுவிடும்.

ஸ்டாக்கிலிருந்து வரும் லோக்கல் பஃபரை மட்டும் மேப் ஃபைலோ அசர்ட்டோ பிடிக்காது. அதற்கு, டிஎம்ஏவைத் தொடங்கும் ஃபங்‌ஷனின் முதல் வரியில், கொடுக்கப்பட்ட ரேம் முகவரி சிசிஎம்மின் 64 கிலோபைட்டுக்குள் விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எச்743க்குப் போகும்போது அந்த ஒரு வரியில் சிசிஎம்மின் எல்லைக்குப் பதிலாக டிடிசிஎம்மின் எல்லையை எழுதினால் போதும். பிடிஎம்ஏவுக்கு மட்டும், முகவரி எஸ்ரேம்4க்குள் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.